குடியரசுத் தலைவரின் கைத்தடி

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிற எந்தப் பொருளையும் நான் லேசில் நம்புவதில்லை. இதைச் சொன்னால் என் வீட்டில் சிரிக்கிறார்கள். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். நாமெல்லாம் ஒரே வயதுக்காரர்கள். பெரியவர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டும் என்று வளர்க்கப்பட்டவர்கள். எதிர்த்துக் கேள்வி கேட்கிற பெண் பிள்ளைக்கு அந்தக் காலத்தில் ‘வாயாடி’ என்று பெயர் வைத்துவிடுவார்கள். எனக்கு அந்தப் பெயர் ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள்ளேயே கிடைத்துவிட்டது.

போன மாதம் எங்கள் தெருப் பிள்ளைகளை வேனில் ஏற்றி ஒரு பழைய தலைவரின் நினைவு இல்லத்துக்கு அழைத்துப் போனார்கள். அட்டையில் வெட்டிய மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையெல்லாம் பெயிண்டோடு திரும்பி வந்தன பிள்ளைகள். அதில் ஒன்று, “அவரு ஒக்காந்த நாற்காலிய நான் தொட்டேனே!” என்று குதித்தது. “அவர் உட்கார்ந்ததுதான்னு யார் சொன்னா?” என்று என் வாயில் வந்துவிட்டது. பிள்ளையின் முகம் விழுந்துபோனது. அதன் அம்மா என்னை முறைத்துவிட்டுப் போனார். பிள்ளையிடம் அப்படிக் கேட்டிருக்க வேண்டாம்தான். ஆனால் எங்கிருந்து அந்தக் கேள்வி வந்தது என்பதை உங்களிடம்தான் சொல்ல முடியும்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த வருஷக் கோடையில் அம்மா பிள்ளைத்தாய்ச்சி. எழுந்து நடமாடக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். என்னை வைத்துச் சமாளிக்க முடியாமல், சின்னசேலத்திலிருந்து பஸ் ஏற்றி, கல்வராயன் மலை அடிவாரத்தில் இருந்த பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார் அப்பா. பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. பெரியப்பாவுக்கு அங்கே ஒரு பங்களாவில் காவல் வேலை. வீடு என்று சொல்வதை விட, பங்களாவின் பின்பக்கச் சுவரோடு ஒட்டிய இரண்டு அறை என்று சொன்னால் சரியாக இருக்கும்.

அந்தப் பங்களா ஒரு காலத்தில் பயணியர் விடுதியாக இருந்தது. சுற்றிலும் மாமரம், பின்னால் ஓடை, ஓடையைத் தாண்டினால் மலை. நாட்டின் குடியரசுத் தலைவர் ஒருவர், பதவியில் இருந்தபோது, மலை ஊர்களைப் பார்க்க வந்தார். மழை பிடித்துக்கொண்டதால் ஒரு இரவு அங்கே தங்கினார். அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்கள் எழுந்து உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவீர்கள். அவர் பதவி முடிந்து, காலமும் ஆன பிறகு, வட்டாரத்துப் பெரிய மனிதர்கள் சேர்ந்து ஒரு குழு போட்டு, விடுதியை நினைவு இல்லமாக ஆக்கினார்கள். அவர் படுத்த கட்டில், அவர் உட்கார்ந்த நாற்காலி, அவர் சாப்பிட்ட பீங்கான் தட்டு எல்லாம் இருந்தன. இதெல்லாம் விடுதிச் சாமான்கள்தான். அவருடைய சொந்தப் பொருள் என்று இருந்தது ஒன்றே ஒன்று. கூடத்து நடுவில், நீளமான கண்ணாடிப் பெட்டியில், சிவப்புத் துணி மேல் படுத்திருந்த கைத்தடி.

கறுப்பு நிறத் தடி. பிடி யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்திருக்கும். அடியில் பித்தளைப் பூண். வார்னிஷ் பூசி வழவழவென்று இருக்கும். பார்க்க வருகிறவர்களுக்குப் பெரியப்பாதான் கதை சொல்வார். கைகளைக் கட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, அந்த மழை ராத்திரியைச் சொல்லி முடித்து, கடைசியில் தடிக்கு வருவார்.

“கார்ல ஏறப் போனவரு திரும்பி வந்தாருங்க. எங்கையில இத்த குடுத்து, நீ வச்சுக்கப்பான்னாருங்க.”

கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். வேறொரு நாள், வேறு ஆட்களிடம், “மறந்து வச்சுட்டுப் போயிட்டாருங்க. நான் பின்னாலயே ஓடனன், காரு போயிடுச்சு” என்பார். நான் மாமரத்தடியில் புளியங்கொட்டை வைத்து ஆடிக்கொண்டே இரண்டையும் கேட்டிருக்கிறேன். குடுத்தாரா, மறந்தாரா? ஒருநாள் பெரியம்மாவிடமே கேட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். “உனுக்கு இன்னா அத்தப் பத்தி? போயி வெளாடு” என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தக் கோடையில்தான் முதல் முறையாக நினைவு இல்லத்தில் பிள்ளைகளுக்கு முகாம் நடத்தினார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். வெள்ளை வேட்டி, கழுத்தில் விசில். கீழ் ஊர்ப் பிள்ளைகள் காலை பஸ்ஸில் வந்து இறங்கும். மேலே மலைக் குக்கிராமங்களிலிருந்து சில பிள்ளைகள் ஒற்றையடிப் பாதையில் நடந்தே வரும். எனக்கு வீடே அங்கே என்பதால் பல் விளக்கிய கையோடு போய் உட்கார்ந்துவிடுவேன்.

என்ன சொல்ல, நான் பள்ளிக்கூடத்தில் கற்றதை எல்லாம் மறந்துவிட்டேன், அந்த முகாமில் செய்தது ஒன்றும் மறக்கவில்லை. ஓடைக் களிமண்ணில் பங்களா செய்தோம். தலைவர் நட்டதாகச் சொன்ன மாமரத்துக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு புங்கங்கன்று நட்டோம். தலைவர் முகத்தை வரையச் சொன்னார்கள். கலர் தீர்ந்துபோய்ப் பச்சை மட்டும்தான் மிச்சம் இருந்தது. எல்லாத் தலைவரும் பச்சை முகத்தோடு வெயிலில் காய்ந்தார்கள். மத்தியானம் தக்காளிச் சோறு. சாப்பிட்டதும் வாத்தியார் தூங்கிவிடுவார், நாங்கள் ஓடைக்குப் போய்விடுவோம்.

தினமும் சாயந்திரம் குடியரசுத் தலைவர் விளையாட்டு உண்டு. ஒரு பிள்ளை முக்காலியில் ஏறி உட்கார்ந்து கட்டளை போடும், மற்றவர்கள் கேட்க வேண்டும். அதெல்லாம் ஒத்திகை. கடைசி நாள் விழாவில், விருந்தினருக்கு முன்னால், ஒரு பிள்ளை தலைவரின் நிஜ நாற்காலியில் உட்கார்ந்து, நிஜக் கைத்தடியைப் பிடித்துக்கொண்டு, அவர் சிறுவர்களுக்குப் பேசிய பேச்சைப் பேச வேண்டும். அதற்குப் போட்டி வைத்தார் வாத்தியார். ஜெயித்தது ஒரு மலைக்காரப் பெண்.

அவளுக்கு என் வயது. என்னை விட ஒல்லி. பாவாடையின் கீழ் விளிம்பில் வேறு துணி வைத்து நீளமாக்கித் தைத்திருப்பாள். சாதாரணமாகப் பேசினால் காதில் விழாது. பேச்சைச் சொல்ல ஆரம்பித்தால் கூடத்து ஓடு வரைக்கும் கேட்கும். எனக்குக் காய்ந்த கடுக்காய்த் தோலைக் கொடுத்து மெல்லச் சொல்லி, நான் முகம் சுளித்ததும், “இப்பத் தண்ணி குடி” என்றாள். தண்ணீர் தித்தித்தது. ஏமாற்றுகிறாளோ என்று அவள் பாத்திரத்தை வாங்கி மோந்து பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்தே திரிந்தோம்.

அவள் ஜெயித்தது எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. தாசில்தார் மகள் ஒருத்தி முகாமில் இருந்தாள். நாற்காலி அவளுக்குத்தான் என்று பஸ்ஸிலேயே பேசிக்கொண்டு வந்தார்களாம். “செருப்பு கூட இல்லாத புள்ளைய அந்த நாற்காலியில குந்த வைக்கிறதா?” என்று ஒரு அம்மா வாத்தியாரிடம் கேட்டதை நான் கேட்டேன். வாத்தியார் விசிலைக் கையில் உருட்டிக்கொண்டே, “பாக்கலாங்க” என்றார். அந்தப் ‘பாக்கலாங்க’ என் மனதில் முள் மாதிரி நின்றது.

முகாம் முடியப்போகிற வாரத்தில், தக்காளிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாத்தியார் எழுந்து நின்று சேதி சொன்னார். விழாவுக்குத் தலைவரின் மகளே வருகிறார். தகவல் வந்துவிட்டது. “அப்பாவோட கைத்தடிய அவுங்க கண்ணால பாக்கணுமாம்!” என்றார்.

பிள்ளைகள் கை தட்டினோம். பெரியப்பா தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தவர், என் தம்ளர் நிரம்பி வழிந்து சோற்றில் தண்ணீர் போவது தெரியாமல் ஊற்றிக்கொண்டே இருந்தார். “பெரியப்பா, சோறு!” என்று கத்தினேன். அப்போதுதான் குடத்தை நிமிர்த்தினார்.

“அவுங்க எதுக்கு சார் இந்தக் காட்டுக்கு?” என்று கேட்டார்.

“என்னாய்யா இப்படிக் கேக்குற? அவுங்க அப்பா பொருளு.”

பெரியப்பா சிரித்தார். அந்த மாதிரி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் விடியற்காலம் புகை நெடியில் விழித்துக்கொண்டேன். கொல்லையில் வெந்நீர் அடுப்பு எரிந்தது. அடுப்பின் முன்னால் குந்திக்கொண்டிருந்தது பெரியப்பா. அடுப்புப் பற்ற வைப்பது எப்போதும் பெரியம்மா வேலை. அதுவும் சித்திரை மாதம். தொட்டித் தண்ணீரே உடம்பைச் சுடுகிற காலத்தில் வெந்நீர் எதற்கு?

“உடம்பு வலி கண்ணு. நீ போய்ப் படு” என்றார்.

விறகுப் புகை எனக்குத் தெரியும். இது வேறு. கதவுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்தால் வருமே, அந்த மாதிரி மூக்கை அரிக்கிற நெடி. போய்ப் படுத்தேன். பெரியம்மாவும் பாயில் கண்ணைத் திறந்துதான் கிடந்தாள்.

பிள்ளைகள் வந்து சேர்ந்த நேரத்தில் கூடத்தில் கூச்சல் கேட்டது. கண்ணாடிப் பெட்டி திறந்து கிடந்தது. சிவப்புத் துணி மேல் தடியின் பள்ளம் மட்டும் இருந்தது. பெட்டிப் பூட்டு எப்போதும் சரியாகப் பூட்டாது, ஓங்கி இழுத்தால் வந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். பெரியப்பா தலையில் கை வைத்துக்கொண்டு கதவோரம் நின்றார். வாத்தியார் விசில் ஊதி எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்தார்.

பையைப் பிரிக்கச் சொன்னார். எல்லோரும் பிரிக்கப் போனோம். “நீங்க இல்ல. மேலருந்து வர்றவங்க மட்டும்” என்றார்.

மலைப் பிள்ளைகள் நான்கைந்து பேர்தான். மற்றவர்களுடைய பைகளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, போட்டியில் ஜெயித்தவளிடம் வந்தார். அவளிடம் இருந்தது துணிப்பை. அதை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு சீப்பு, இரண்டு கடுக்காய், மடித்த பாவாடை ஒன்று, தேக்கிலைப் பொட்டலம் ஒன்று விழுந்தன. விழுந்த வேகத்தில் பொட்டலம் பிரிந்தது. தேன் அடை. தரையில் நசுங்கி, தேன் சிமென்ட்டில் ஓடியது.

“இது எதுக்கு?”

“அந்த அம்மாவுக்கு” என்றாள். “வர்றாங்கல்ல.”

“தடி எங்க?”

“எனக்குத் தெரியாது சார்.”

“நேத்து சாயந்தரம் பெட்டியாண்ட நின்னுகினு இருந்தது யாரு? நீதான?”

“பேச்சு சொல்லிப் பாத்தன் சார்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “சார், தடி என் தோளு உசரம் இருக்கும். இந்தப் பையில எப்டி சார் நுழையும்?” என்றேன்.

“ஏய் வாயாடி, உள்ள போ” என்றார். ஆனால் என் கேள்வி அவருக்கு உதவிதான் செய்தது. பையில் நுழையாது என்றால் ஜன்னல் வழியாகக் கொடுத்திருக்க வேண்டும். யாரிடம்? அவள் அப்பாவிடம். அவள் அப்பா மூங்கிலும் தடியும் வெட்டிச் சந்தையில் விற்பவர். அப்புறம் என்ன வேண்டும்? ஆள் அனுப்பி அவரை வரவழைத்தார்கள்.

அவர் வந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். “நானும் எடுக்கல. எம் பொண்ணும் எடுக்கல. அந்தத் தடிய வச்சுக்கினு நான் இன்னா பண்ணப் போறன்?” என்றார். நியாயமான கேள்வி. குழுவில் இருந்து வந்த ஒருவர், விழா முடிகிற வரை பார்ப்போம், தடி வராவிட்டால் போலீஸ் ஸ்டேஷன்தான் என்றார். தினமும் காலையில் வந்து வராந்தாவில் கண் பார்வையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சொல்லி அவரை உட்கார வைத்தார்கள். பெண்ணை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். நாற்காலியில் உட்காரப் போவது தாசில்தார் மகள் என்று அன்றைக்கே முடிவானது.

அவள் பையில் எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வைத்தாள். தேனை மட்டும் எடுக்க முடியவில்லை. அதற்குள் எறும்பு வந்துவிட்டது. ஓடையைத் தாண்டி அவள் போவதை நான் மாமரத்தடியில் நின்று பார்த்தேன். நான் கூப்பிட்டேன். திரும்பவில்லை.

நான் முதலில் சந்தேகப்பட்டது வாத்தியாரைத்தான். அந்தப் ‘பாக்கலாங்க’ இருக்கிறதே. பிறகு தாசில்தார் மகளை. அவள் அன்றைக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தாள். பிறகு அந்தச் செருப்பு அம்மாவை. ஒவ்வொருவராக நினைத்து, ஒவ்வொருவர் முகத்தையும் கையையும் கவனித்துக்கொண்டே திரிந்தேன். பின்பக்கத்து இரண்டு அறை வீட்டை மட்டும் சந்தேகப்படாமல் இருக்க எவ்வளவோ பார்த்தேன். அந்த நெடி மூக்கை விட்டுப் போகவில்லை.

அன்று இரவுச் சோற்றின்போது கேட்டேன்.

“பெரியப்பா, பெயிண்ட் அடிச்ச விறகு எரிஞ்சா எப்டி நாறும்?”

அவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார். பெரியம்மா அவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தட்டில் இருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அவள் கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அடுப்புச் சாம்பலை அள்ளி, தேங்காய் நாரில் தொட்டுத் தேய்ப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கழுவி அடுக்கினேன். சாம்பலை இரண்டாம் முறை அள்ளியபோது அவள் கை நின்றது. நாரோடு சேர்ந்து ஏதோ சட்டியில் உரசிக் கிர்ரென்றது. எடுத்துத் தண்ணீரில் அலசினாள். பித்தளைப் பூண். கருத்துப்போய், ஒரு பக்கம் நெளிந்திருந்தது.

நான் பார்த்துவிட்டேன் என்பதை அவள் பார்த்தாள்.

“பெரியம்மா, இது…”

“தெரியும்.”

“அப்ப அவ எடுக்கலயே. அவுங்க அப்பாவப் புடிச்சு ஒக்கார வச்சிருக்காங்களே.”

“தெரியும்டி. சும்மா இரு.”

பூணை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மிச்சப் பாத்திரத்தைத் துலக்கி முடித்தாள். அன்று முழுவதும் நான் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடைப் பக்கம் போனால் பின்னாலேயே போனேன். தூக்கி எறிந்துவிடுவாள் என்று சந்தேகம். சாணி தட்டும்போது, கிணற்றடிக்குப் போகும்போது, எங்கே போனாலும் நான் நிழல் மாதிரி போனேன். ஒரு இடத்தில் அவள் திரும்பி, “நான் எறியமாட்டன். போ” என்றாள். நான் நம்பவில்லை.

விழா நாள் வந்தது. மாவிலைத் தோரணம், மைக் செட், கள்ளக்குறிச்சியிலிருந்து வாடகைக்கு எடுத்த இரும்பு நாற்காலிகள். தலைவரின் மகள் காரிலிருந்து இறங்கினார். பட்டுப் புடவையும் நகையுமாக வருவார் என்று நினைத்திருந்தோம். நரைத்த தலை, சாயம் போன நூல் புடவை, காலில் ரப்பர் செருப்பு. ஒவ்வொரு அறையாகப் போனார். கட்டிலைத் தொட்டுப் பார்த்தார். காலிப் பெட்டிக்கு முன்னால் வாத்தியார் அவரை நிறுத்தி, தழுதழுத்த குரலில் திருட்டைச் சொன்னார்.

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்தார். பிறகு பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

“வருத்தப்படாதீங்க” என்றார். “அப்பா போற எடமெல்லாம் எதையாவது விட்டுட்டு வந்துடுவார். அந்தத் தடி எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மலையில ஒரு வீட்ல விட்டுட்டேன்னு சொல்லிக்கிட்டே இருப்பார்.”

கூட்டம் மொத்தமும் மூச்சு விட்டது. பெரியப்பாவின் தோள் தளர்ந்து இறங்கியதை நான் பார்த்தேன். அப்படியானால் தடி நிஜமா? நிஜத் தடியையா எரித்தார்?

இப்போது யோசித்தால் எனக்குப் புரிகிறது. எத்தனையோ ஊரில் எத்தனையோ பேர் எதையெதையோ காட்டி, ‘இது உங்க அப்பாவோடது’ என்று சொல்லியிருப்பார்கள். ஆமாம் ஆமாம் என்று சொல்லிப் பழகியிருப்பார். எதிரில் நிற்கிற மனிதனின் முகம் வாட வேண்டாம் என்று சொன்ன வார்த்தை அது. அந்த நல்ல மனசால் வராந்தாவில் உட்கார்ந்திருந்தவருக்கு என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாது. மகளே சாட்சி சொன்ன பிறகு, களவு போனது சாதாரணத் தடி இல்லை, நாட்டுச் சொத்து. வாத்தியார் உடனே வராந்தாப் பக்கம் கை காட்டினார்.

“ஆளு தெரியும்மா. இன்னைக்கே ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடுவோம்.”

நான் பெரியப்பாவைப் பார்த்தேன். வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து பெரியம்மா எழுந்து வந்தாள். ஆட்கள் இருக்கிற இடத்தில் தலை நிமிர்ந்து பேசாதவள். விருந்தாளிக்குக் காபி கொண்டுவந்தால் கூட என் கையில் கொடுத்து அனுப்புகிறவள். வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். பூணை அந்த அம்மாளின் முன்னால் பெட்டிக் கண்ணாடியின் மேல் வைத்தாள்.

“இது எங்க வூட்டு அடுப்புல கெடந்துதும்மா. அந்தப் பொண்ணும் எடுக்கல, அவுங்க அப்பாவும் எடுக்கல. தடிய எரிச்சது எங்க வூட்டுக்காரரு.”

“என்னம்மா ஒளர்ற?” என்றார் வாத்தியார்.

“ஒளரல. தடியும் அவரு தடி இல்ல. மணலூர்பேட்டை ஆத்துத் திருவிழாவுல இவரு வாங்கியாந்தது. நானும் கூடத்தான் போயிருந்தன்.” அந்த அம்மாளைப் பார்த்து, “நீங்க சொன்னது வேற ஏதாச்சும் தடியா இருக்கும்மா” என்றாள்.

மைக் செட்காரர் எதையோ சரி செய்யப் போக, அது கீச்சென்று கத்தியது. அந்த அம்மாள் பூணைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். அவர் முகம் சிவந்து போயிருந்தது. “அந்தப் பொண்ணு எங்க?” என்று கேட்டார். மேலே இருக்கிறாள் என்றார்கள். வராந்தாவைக் காட்டி, “அவரை எழுந்து போகச் சொல்லுங்க” என்றார்.

அவளுடைய அப்பா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். தோரணத்துக்குக் கீழே குனிந்து வெளியேறி, ஓடைப் பக்கம் நடந்தார். விழாவை நிறுத்தவில்லை. தாசில்தார் மகள் நாற்காலியில் உட்கார்ந்து பேச்சைச் சொன்னாள். நடுவில் மறந்துபோய் அழுதாள். அந்த அம்மாள் சாப்பிடாமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

பெரியப்பாவுக்கு வேலை போனது. நைனார்பாளையத்தில் குத்தகைக்கு நிலம் பிடித்து, சாகும் வரை மக்காச்சோளமும் மரவள்ளியும் போட்டார்கள். முகாம் மறுபடி நடக்கவில்லை. சொந்தக்காரர்கள் பெரியம்மாவைத்தான் வைதார்கள். புருஷனைக் காட்டிக் கொடுத்தவள் என்று கல்யாண வீடுகளில் அவள் காதுபடவே பேசினார்கள். என் அம்மாவும் பேசினாள். ஆனால் இதெல்லாம் பிறகு. விழா நடந்த அன்று சாயந்திரத்தைச் சொல்ல வேண்டும்.

பெரியப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கத்துவார், அடிப்பார் என்று நான் அறை மூலையில் ஒதுங்கிக் கிடந்தேன். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

“அவரு இன்னா விட்டுட்டுப் போனாரு, இன்னா விட்டுட்டுப் போனாருன்னு குழுவுல கேட்டுக்கினே இருந்தாங்க. ஒண்ணும் இல்லன்னு சொன்னா மூடிப் போட்டுடுவாங்கன்னு பயந்துட்டன். அப்புறம் அவுரு பொண்ணு வர்றாங்கன்னதும்… அவுங்க பாத்த ஒடனே கண்டுபுடிச்சிடுவாங்கன்னு…”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதா?” என்றாள் பெரியம்மா. “அந்தப் பொண்ணு பேர நீங்க சொல்லல. அதுவும் தெரியும். ஆனா அவுங்களப் புடிச்சப்ப வேணாம்னும் சொல்லலயே.”

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு, “காலையில மேல போவலாம். நீயும் வா” என்றார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஏறுகிற வழியெல்லாம் பலாப்பழ வாசனை. அவர்கள் வீடு மண் சுவரும் கூரையும். வாசலில் அவள் அப்பா மூங்கில் சீவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டு, நடந்ததைச் சொல்லி, “என்ன மன்னிச்சிடுங்க” என்றார். வயதில் சின்னவருக்கு அவர் ‘ங்க’ போட்டுப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

“எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?” என்றார் அவர். “அதோ இருக்கா. அவகிட்ட சொல்லுங்க.”

அவள் கூரை நிழலில் உட்கார்ந்து முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா அவள் முன்னால் போய் நின்றார். அத்தனை பேருக்குக் கதை சொன்ன வாய், அவளிடம் திக்கியது. “தப்பு பண்ணிட்டன்மா. மன்னிச்சிடு” என்றார்.

அவள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“எம் பையக் கொட்னப்ப நீங்க எங்க நின்னுகினு இருந்தீங்க?”

“கதவாண்ட.”

“தேனு கொட்டனத பாத்தீங்களா?”

“பாத்தன்.”

“எறும்பு மொச்சுதே, அத்த?”

“பாத்தன்மா.”

சரி என்பது போல் தலையை ஆட்டிவிட்டு மறுபடி புடைக்க ஆரம்பித்தாள். பெரியப்பா காத்திருந்தார். அவள் நிமிரவில்லை. என்னையும் பார்க்கவில்லை. உமி பறந்து அவர் வேட்டியில் ஒட்டியது. கடைசியில் அவள் அப்பாதான், “வெயிலு ஏறுது. கெளம்புங்க” என்றார்.

இந்தக் கதையைப் பிற்பாடு கேட்டவர்கள் எல்லோரும், ‘எத்தினி திமிரு பாரு அந்தப் பொண்ணுக்கு’ என்றார்கள். பெரிய மனுஷன் மலை ஏறிப் போய் மன்னிப்புக் கேட்கிறான், ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாள் என்றார்கள். எனக்கும் கொஞ்ச நாள் அப்படித்தான் பட்டது. பெரியப்பா மட்டும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

இறங்கும்போது பெரியம்மா முன்னால் நடந்தாள். பாதி வழியில் பெரியப்பா ஒரு பாறை மேல் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

“இன்னும் ஒண்ணு கேப்பான்னு நெனச்சன்” என்றார்.

“இன்னாது?”

“எல்லாத்தையும் பாத்துக்கினு ஏன் சும்மா நின்னீங்கன்னு.”

பெரியம்மா திரும்பி வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

“கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்பீங்க?”

அவர் வாயைத் திறந்தார். கீழே பங்களாவின் ஓடு தெரிந்தது. அதைப் பார்த்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பெரியம்மாவும் அவசரப்படுத்தாமல் நின்றாள். பிறகு அவர் பாறையில் கையை ஊன்றி எழுந்து, எங்களுக்கு முன்னால் இறங்க ஆரம்பித்தார்.